முந்நூற்றுப் பன்னிரண்டாவது மன்னிப்பு

பெரிய மனிதர்கள் தப்புச் செய்து மாட்டிக்கொண்டால் அவர்களுக்காக மன்னிப்பு எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. விசிட்டிங் கார்டில் வேறு என்னவோ கௌரவமாகப் போட்டிருக்கும். பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். அதை மூடிய பிறகு வயிற்றுப்பிழைப்புக்காக இதற்கு வந்து இருபது வருஷமாகிவிட்டது. பள்ளிக்கூடத் தாளாளர், மருத்துவமனை முதலாளி, கட்டடம் இடிந்து விழுந்த பில்டர் என்று எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்று ஒரு வரி வரும் பாருங்கள், அது எங்கள் கைச்சரக்கு. அந்த வரியைப் படித்து இதுவரை யாரும் சமாதானம் ஆனதாக எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் அங்கயற்கண்ணி. ஊர் மதுரை, வேலை சென்னையில். ஆபீஸில் எல்லோருக்கும் கயல் மேடம். இதை எந்த முதலாளிக்காகவும் எழுதவில்லை. எனக்காக எழுதுகிறேன். அதனால் வாக்கியங்கள் கொஞ்சம் கோணலாக வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் மோட்டார் பம்ப் செய்கிற பெரிய கம்பெனி ஒன்றின் நிர்வாக இயக்குநர் செங்கோட்டுவேல். அவருடைய தனிச் செயலாளர் கோகிலவாணி. பதினாறு வருஷமாக அவருக்குக் கடிதம் எழுதி, டிக்கெட் போட்டு, மாத்திரை எடுத்து வைத்து, மனைவி பிறந்தநாளை ஞாபகப்படுத்தி எல்லாவற்றையும் செய்தவர் அவர்தான். கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டு விழாவில் செங்கோட்டுவேல் பேச எழுந்தபோது தாள்களில் ஒரு பக்கம் முன்பின்னாக இருந்தது. மேடையிலேயே, அறுநூறு பேர் பார்க்க, கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கோகிலவாணியின் மேல் வீசினார். சுடச்சுடக் காப்பி. கழுத்தில் பட்டது.

அதை யாரோ செல்போனில் பிடித்துவிட்டார்கள். பதினொரு விநாடி வீடியோ. கோகிலவாணி குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்குகிறார், நிமிர்ந்து ஏதோ சொல்கிறார். சத்தம் கேட்கவில்லை. உதட்டசைவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள், 'பரவால்லைங்க சார்' என்கிறார் என்று கண்டுபிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் தமிழ்நாடே அந்த இரண்டு வார்த்தையைப் பேசிக்கொண்டிருந்தது. டீலர்கள் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். பெண் தொழிலாளிகள் வாசலில் உட்கார்ந்தார்கள். நாலாவது நாள் கோகிலவாணி கம்பெனியின் புகார்க் கமிட்டிக்கு ஒன்பது பக்கத்தில் ஒரு கடிதம் கொடுத்தார். அதைப் படித்த ஐந்தாறு பேரில் நானும் ஒருத்தி. அதில் இருந்ததை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பதினாறு வருஷத்தில் காப்பிதான் மிகச் சின்ன விஷயம் என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாளே எங்களைக் கூப்பிட்டார்கள். எங்களிடம் கேட்டது ஒன்றுதான். செங்கோட்டுவேல் மன்னிப்புக் கேட்க வேண்டும், கோகிலவாணி அதை ஏற்றுக்கொண்டு புகாரைத் திரும்பப் பெற வேண்டும். அவர் வாயால் 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் ஒரு வாரத்தில் அடங்கிவிடுவார்கள்.

முன்பெல்லாம் இதற்கு நானே நேரில் போவேன். பாதிக்கப்பட்டவர்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்து, முகத்தைப் பார்த்து, எது எடுபடும் என்று தெரிந்துகொண்டு வந்து எழுதுவேன். இப்போது அதற்கு நிழல் வந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் நிழல்களைத் தயார் செய்கிறவன் சாரங்கன், திருச்சிப் பையன், முப்பது வயது, குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவன். முதல் நாள் அவன்தான் எனக்கு விளக்கினான்.

"அவங்க ஆபீஸ்ல எழுதின எல்லா லெட்டரும், பேசின எல்லா போனும் கம்பெனி குடுத்துடுச்சு மேடம். பதினாறு வருஷத்தோடது. அதை வச்சு அவங்க மாதிரியே யோசிக்கிற, அவங்க மாதிரியே பேசற ஒண்ணைப் பண்ணியிருக்கேன். நீங்க எழுதறதை சார் குரல்ல அதுகிட்ட சொல்லிப் பார்ப்போம். ஒத்துக்கலைன்னா அழிச்சு முதல்லேர்ந்து. நிஜமானவங்ககிட்ட நமக்கு ஒரே ஒரு சான்ஸ்தான். இதுகிட்ட எத்தனை வேணும்னாலும் உண்டு."

இதற்கு அந்தம்மா சம்மதம் வேண்டாமா என்று கேட்டேன். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளிலேயே, ஆபீஸில் எழுதுவதும் பேசுவதும் கம்பெனிக்குச் சொந்தம் என்று இருக்கிறதாம். நாம் எல்லோரும் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். யார் படித்துப் பார்க்கிறோம்?

"அதுக்கு வலிக்குமா?" என்றும் கேட்டேன்.

"அது வெறும் கணக்கு மேடம். வலிக்கிற மாதிரி பேசும், அவ்ளோதான்."

சாரங்கன் அந்த நாற்பதாயிரம் கடிதங்களையும் கம்ப்யூட்டரில் சலித்துப் பார்த்திருந்தான். 'முடியாது' என்ற வார்த்தை கோகிலவாணியின் கையால் ஒரு தடவைகூட எழுதப்படவில்லை. 'பரவாயில்லைங்க சார்' மட்டும் ஆறாயிரம் தடவைக்கு மேல். பத்து வரைவுக்குள் முடிந்துவிடும் என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒவ்வொரு தடவையும் நிழல் ஒரே இடத்தில் விழிக்கும். புகார் கொடுத்த மறுநாள் காலை, வீட்டில் இருக்கிறோம், போன் அடிக்கிறது, எடுத்தால் சார். தான் நிழல் என்று அதற்குத் தெரியாது. முதல் தடவை அது போனை எடுத்ததும் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"வணக்கமுங்க சார். சாப்பிட்டீங்களா?"

கழுத்தில் கொப்புளத்தோடு இருக்கிற பெண் கேட்கிற கேள்வியா இது? சாரங்கன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சுலபமான கேஸ் என்பதுபோல. எங்கள் ஆபீஸில் கோவைப் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பார், அந்த ஊரில் கோர்ட்டில் எதிரெதிரே நிற்கப்போகிறவனிடமும் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள், அதற்கும் மனசுக்கும் சம்பந்தம் இல்லை என்று. நாங்கள் அந்த மரியாதையை இளகிய மனசாக எடுத்துக்கொண்டோம்.

நான் எழுதிய முதல் மன்னிப்பு செங்கோட்டுவேலின் குரலில் போயிற்று. நல்ல வரைவுதான். நிழல் முழுக்கக் கேட்டது.

"இல்லீங்க சார். நான் ஏத்துக்கலீங்க."

பிறகு அழுகைச் சத்தம். போன் வைக்கப்பட்டது. சாரங்கன் ஒரு பொத்தானை அழுத்தினான். அதற்கு எல்லாம் மறந்துபோயிற்று. மறுபடி காலை, மறுபடி போன், மறுபடி "சாப்பிட்டீங்களா?"

பத்து பத்தாகப் போயிற்று. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னோம். மனைவியோடு வீட்டுக்கு வந்து கேட்பதாகச் சொன்னோம். பதவியை விட்டு இறங்குகிறேன் என்றுகூட ஒரு வரைவில் சொல்ல வைத்தேன். எல்லாவற்றுக்கும் "இல்லீங்க சார்"தான். ஆனால் ஒரே மாதிரி இல்லை. சில சமயம் மெதுவாக, சில சமயம் அழுகைக்கு நடுவே சிரித்துக்கொண்டு. ஒரு தடவை ஒன்பது பக்கத்தையும் தேதி வாரியாக ஒப்பித்துவிட்டு, கடைசியில் அதைச் சொன்னது. இன்னொரு தடவை, "இதை யாருங்க எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டது.

மூன்று வாரத்தில் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. பக்கத்து அறையில் ஒருத்தி நாளைக்குப் பதினைந்து தடவை அதே அடியை வாங்குகிறாள், ஒவ்வொன்றும் அவளுக்கு முதல் அடி, அடிப்பதற்குக் கோல் எடுத்துக் கொடுப்பது நான். இப்படித்தான் தோன்றும். சாரங்கனிடம் சொன்னேன். ஒரு நாள் லீவு எடுத்துக்கோங்க மேடம் என்றான். நல்ல பையன்தான் அவன். அவனை நான் குறை சொல்லமாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. மன்னிப்பு எடுபடாவிட்டால், வேண்டுமென்றே புண்படுத்துகிற மாதிரி ஒன்றை எழுதி, எந்த இடத்தில் அதிகம் வலிக்கிறது என்று பார்ப்பது. நிஜ மனிதரிடம் செய்ய முடியாது, நிழலிடம் செய்யலாம். முந்நூற்றுப் பதினோராவது வரைவை நான் அப்படித்தான் எழுதினேன். 'பதினாறு வருஷமா உன்னை யாரு கட்டிப்போட்டு வச்சிருந்தாங்க? பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிருக்கலாமே.' எழுதும்போதே கை கூசியது. ஆனாலும் எழுதினேன்.

"இல்லீங்க சார்" என்றது நிழல். ஆனால் போனை வைக்கவில்லை.

"எந்திரிச்சுப் போயிருக்கோணுமுங்க. ஒரே ஒரு நாளாச்சும் போயிருக்கோணும்" என்று ஆரம்பித்து, மெல்ல மெல்லச் சொல்லியது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கோகிலா எங்கே, கோகிலா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அன்றைக்கு ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மதியம் கிளம்பட்டுமா சார் என்று இவர் எழுதிக் கேட்டார். ராத்திரி விருந்துப் பட்டியலை முடித்துவிட்டுப் போ என்று பதில் வந்தது. 'பரவாயில்லைங்க சார்' என்று எழுதிவிட்டு உட்கார்ந்து பட்டியலை அடித்தார். நாலே கால் மணிக்கு அப்பா போய்விட்டார். வீட்டில் எல்லோரிடமும் பஸ் கிடைக்கவில்லை என்று ஆபீஸ் போனிலேயே சொல்லிவிட்டார். லீவு கேட்டும் விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால், கேட்காமலே எழுந்து போயிருக்கலாமே என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. அண்ணன் அன்றிலிருந்து பேசுவதில்லை.

என் கையில் அந்த இடம் கிடைத்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டாவது மன்னிப்பு நாலே வரி. 'அப்பா சாகக் கிடந்த அன்னிக்கு நீ கேட்டே, நான் விடலை. எந்திரிச்சுப் போயிருக்கலாமேன்னு உன்னை நீயே கேட்டுக்காதே. போக முடியாத மாதிரி உன்னை ஆக்கி வச்சவன் நான். உம்மேல ஒரு தப்பும் இல்லை, கோகிலா.'

நிழல் அழுதது. அழுது முடித்துவிட்டு, "சரிங்க சார்" என்றது.

சாரங்கன் கை தட்டினான். வேலை முடிந்ததும் நிழலை அழித்துவிட வேண்டும், அதற்கு வரைவு எழுதியவரே அழிக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. நான்தான் அழித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செங்கோட்டுவேலுக்கு அந்த நாலு வரியை மனப்பாடம் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. "இவங்கப்பன் எப்பச் செத்தான்? எனக்கு நெனப்பே இல்லியே" என்றார். மனப்பாடம் ஆனதும் கோகிலவாணியின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்தம்மா ஒரே தடவையில் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி இதைப் பற்றி எங்கேயும் பேசமாட்டேன் என்ற ஒப்பந்தத்திலும் சேர்த்து. அவர் கேட்டபடி பொள்ளாச்சிக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். ஊரும் அடங்கிவிட்டது. எங்கள் முதலாளி எனக்குச் சால்வை போர்த்தி, நிழலை எப்படிப் பயன்படுத்துவது என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து அதே கம்பெனியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள்.

இந்தத் தடவை ரெபெக்கா. ஊட்டிக்காரப் பெண், இருபத்து நாலு வயது, கோகிலவாணியின் நாற்காலிக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் போலீஸில் கொடுத்த புகாரில் பூட்டிய அறையும் கிழிந்த உடையும் இருந்தன. வீடியோ இல்லை, சாட்சி இல்லை. வேலை பிடிக்காத பெண் கதை கட்டுகிறாள் என்று கம்பெனி ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டது. பதினாறு வருஷம் பக்கத்தில் இருந்த இன்னொருத்தி எழுந்து, எனக்கும் நடந்தது என்று சொன்னால்தான் அந்த வழக்கு நிற்கும். அந்த இன்னொருத்தியின் வாயை நாலு வரியில் அடைத்துவிட்டு வந்தவள் நான்.

"நாலு மாச லெட்டர்தான் இருக்கு மேடம், சின்ன நிழல்" என்றான் சாரங்கன். "சீக்கிரம் முடிஞ்சிடும். திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம்."

சனிக்கிழமை காலை நான் பொள்ளாச்சியில் இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். சின்ன வீடு, இரும்புக் கேட். மணி அடித்ததும் கொஞ்சம் பருமனான, கண்ணாடி போட்ட பெண் வந்தார். கழுத்தில் காதுக்குக் கீழே தோல் வேறு நிறத்தில் இருந்தது. நான் யாரென்று கேட்கவில்லை.

"வாங்க வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றார்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மாதம் முழுக்க நான் கேட்ட குரல், அந்தக் குரலுக்குரிய முகத்தை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். உள்ளே உட்கார வைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ராகி தோசையும் சட்னியும் வைத்தார். என் பெயரைச் சொன்னேன். என்ன வேலை என்று சொன்னேன். பிறகு, எதற்கு வந்தேனோ அதைச் சொன்னேன்.

"சார் உங்ககிட்ட வந்து சொன்ன மன்னிப்பு அவர் எழுதினது இல்லைங்க. நான் எழுதினது."

அவர் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"அவரு எழுதலீன்னு அன்னிக்கே தெரியுமுங்க. பதினாறு வருசமா அவரு லெட்டரை நாந்தானுங்க எழுதுனேன். அவருக்கு அப்படியெல்லாம் வராது."

"தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

கோகிலவாணி கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். அப்பா விஷயம் அதில் வந்ததும் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் எங்கேயோ யாரோ உட்கார்ந்து தன் பதினாறு வருஷக் கடிதங்களையும் ஒன்று விடாமல் படித்து, அதில் அந்த ஒரு வியாழக்கிழமையைக் கண்டுபிடித்து, உன் மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

"பொறந்ததுலீருந்து என்னைய யாரும் அப்படிப் படிச்சதில்லீங்க. சாருக்காக இல்ல, அந்த யாரோ ஒருத்தருக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். அப்புறந்தான் எனக்கு ராத்திரித் தூக்கமே வந்துதுங்க." என் முகத்தைப் பார்த்தார். "அது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார், நானும் அழுதுவிட்டு நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன். இருபது வருஷமாக எதிராளிக்கு எந்த வார்த்தை இதமாக இருக்குமோ அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவள் நான். அது நாக்கு நுனிவரை வந்தது. நிஜமாகவே வந்தது. ஆனால் திங்கட்கிழமை ரெபெக்காவின் நிழல் போனை எடுக்கும். அதை நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லைங்க. நான் ஒரு லெட்டர்கூடப் படிக்கலை. யாருமே படிக்கலை. அப்பா விஷயத்தை என்கிட்ட சொன்னது நீங்கதான்."

நிழலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் செய்தார்கள், எங்கே விழிக்கும், எப்படி மறக்கும், எப்படித் திரும்பத் திரும்பப் போன் அடித்தோம். முந்நூற்றுப் பதினோராவது வரைவில் நான் எழுதியதைக்கூட மறைக்காமல் சொன்னேன். தோசை காய்ந்து போயிற்று. கோகிலவாணி கடைசியில் கேட்டார்.

"என்னைய மாதிரியே பேசுவாளுங்களா?"

"அப்படியேதான்."

"அழுதாளுங்களா?"

"ஒவ்வொரு தடவையும்."

"பக்கத்துல யாராச்சும் இருந்தீங்களா?"

"நான் இருந்தேன்."

"என்ன பண்ணுனீங்க?"

"அடுத்த வரைவை எழுதினேங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பாமலே, அவள் எப்போது சரி என்று சொன்னாள் என்று கேட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டாவது தடவை என்றேன். அதுவரைக்கும் என்ன சொன்னாள் என்றார்.

"அதுவரைக்கும் இல்லீங்க சார்னுதான் சொன்னாங்க. முந்நூத்திப் பதினோரு தடவையும்."

கோகிலவாணி திரும்பினார்.

"சார்கிட்டயா?"

"ஆமாங்க. அவர் குரல்கிட்ட."

"பயப்படலீங்களா?"

"பயந்தாங்க. பயந்துக்கிட்டேதான் சொன்னாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லீங்க. அந்த ஒம்பது பக்கம் எழுதுறதுக்கே எனக்கு நாலு நாள் காய்ச்சலு. அவரு வந்து நின்னதும் எந்திரிச்சுட்டேன். மொதத் தடவைலயே சரின்னுட்டேன்." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "அவ எனக்காக அத்தனை தடவை சொல்லியிருக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை பேச முடியுமுங்களா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"இல்லைங்க. வேலை முடிஞ்சதும் அழிச்சாச்சு."

"யாரு?"

"நான்."

அவர் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எப்படி அழுவார்களோ அப்படி அழுதார். யாருக்காக அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சாரங்கன் கணக்கு என்று சொன்ன ஒன்றுக்காக. பக்கத்தில் போய் உட்காரலாமா என்று நினைத்தேன், எனக்கு அந்த உரிமை இல்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அழுது ஓய்ந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். ரெபெக்காவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன், சாட்சி இல்லாததைச் சொன்னேன். நீங்கள் வாயைத் திறந்தால் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகும், வேலை போகும், வழக்கும் வரலாம் என்பதையும் சொன்னேன். உங்களைப் பேசச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை, தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

கிளம்புவதற்கு எழுந்தேன். வாசல்வரை வந்தார். அங்கே நின்று, நான் இருபது வருஷமாக மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்ததை முதல் தடவையாக எனக்காகக் கேட்டேன். வரைவு எதுவும் இல்லை. வார்த்தை சரியாக வரவும் இல்லை.

"நான் உங்களுக்குப் பண்ணினது பெரிய பாவம்ங்க. என்னை மன்னிச்சிடுங்க."

கோகிலவாணியின் வாய் பழக்கத்தில் திறந்ததைப் பார்த்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஆறாயிரம் தடவை எழுதிய வார்த்தை. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு தெரிந்தது.

"இல்லீங்க" என்றார். "நான் ஏத்துக்கலீங்க."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல நின்றார். சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவர் உள்ளே போய் ஒரு பேனாவும் பழைய காலண்டர் தாளும் எடுத்து வந்தார். ரெபெக்காவின் போன் நம்பரைக் கேட்டார். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.